நிகண்டும் கணிப்பொறியும்: அருங்காட்சியகப் பொருள்களைப் பொருளறிந்து தேடுதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சொல்லையும் பொருளையும் பத்தாண்டுகளாக எடைபோட்டுவரும் ஓர் அவையில் கணிப்பொறி பற்றிய உரைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பொருளுக்குப் பெயர் எவ்வாறு அமைகிறது, அப்பெயரைக் கொண்டு அப்பொருளை மீண்டும் கண்டடைவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் கருத்து. இது நிகண்டாசிரியர்கள் எதிர்கொண்ட பழைய கேள்வி. இன்று அதே கேள்வி அருங்காட்சியகங்களின் வாயிலில் புதிய உருவில் வந்து நிற்கிறது. விடை காண்பவர்கள் பெரும்பாலும் கணிப்பொறி வல்லுநர்கள். விடைக்கு வேண்டிய கருவியோ சொல்லறிந்தோர் கையில் இருக்கிறது.

ஒரு கல்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமராவதித் தூபியின் சிற்பப் பலகைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றுள் ஒன்று இருபுறமும் செதுக்கப்பட்டது. ஒருபுறத்தில் போதி மரமும் வெற்று அரியணையும் வழிபடுவோரும் காணப்படுகின்றனர். புத்தரின் உருவம் இல்லை. இது கி.மு. முதல் நூற்றாண்டளவில் செதுக்கப்பட்டது. பின்னர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில், அதே பலகை திருப்பப்பட்டு, மறுபுறத்தில் தூபியின் முழுத் தோற்றமும் அழகுறச் செதுக்கப்பட்டது. ஒரு கல், இரண்டு சிற்பிகளின் கை, இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்.

இக்கல்லைப் பதிவேட்டில் ஏற்ற முனையும் அலுவலர் முன் ஒரு படிவம் இருக்கிறது. 'செய்யப்பட்ட காலம்' என்று அதில் ஒரே ஒரு கட்டம். முதற்காலத்தை எழுதினால் பின்னது மறையும். பின்னதை எழுதினால் முன்னது மறையும்.

'மூலப்பொருள்' என்பது அடுத்த கட்டம். இச்சிற்பங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த பெயர் 'அமராவதி மார்பிள்ஸ்'. கல்லோ பளிங்கன்று, சுண்ணாம்புக்கல். பளிங்கைத் தேடுபவர்க்கு இச்சிற்பங்கள் பொய்யாகக் கிடைக்கும். சுண்ணாம்புக்கல்லைத் தேடுபவர்க்குக் கிடைக்காமலே போகலாம்.

'கிடைத்த இடம்' என்பது மூன்றாவது கட்டம். பழைய ஆவணங்களில் அது மதராஸ் மாகாணத்துக் குண்டூர். 1953இல் அவ்விடம் ஆந்திர மாநிலத்திலும் 1956இல் ஆந்திரப் பிரதேசத்திலும் அடங்கிற்று; 2022இல் புதிதாக அமைந்த பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர் நகரவில்லை; ஊரின் முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இவற்றினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1845இல் வால்ட்டர் எலியட் அகழ்ந்தெடுத்த பலகைகள் சென்னைக்கு வந்தன. அவற்றின் பெரும்பகுதி பின்னர் லண்டனுக்குக் கப்பலேறி, 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பிற்கால அகழாய்வுகளிற் கிடைத்தவை பல எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே தூபியின் உறுப்புகள் இரு நகரங்களில், இரு பதிவேடுகளில், இருவேறு சொற்களால் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. ஓர் ஆய்வாளர் ஓரிடத்தில் அமர்ந்து, 'இத்தூபியின் சுற்றுவேலிப் பலகைகள் அனைத்தும் எங்கெங்கு உள்ளன?' என்று கேட்டால் விடை வர வேண்டும். அவ்விடை வருவதற்குச் செய்யவேண்டிய ஆயத்தமே இவ்வுரையின் பொருள்.

எழுத்தைத் தேடுவதும் பொருளைத் தேடுவதும்

கணிப்பொறி தானாக அறிவது எழுத்துகளின் வரிசையை மட்டுமே. 'யானை' என்று தேடினால் 'யானை' என்ற எழுத்துகள் உள்ள பதிவுகளைத் தரும். 'களிறு' என்றும் 'வேழம்' என்றும் 'பிடி' என்றும் எழுதப்பட்ட பதிவுகள் இருளில் கிடக்கும். மறுபுறம் 'மணி' என்று தேடினால் கோயில் மணியும் வரும். அகழாய்வில் கிடைத்த பாசிமணியும் வரும். அணிகலனில் பதித்த மாணிக்கமும் வரும். தேடியவர் வேண்டியது ஒன்று. கிடைத்தது மூன்று குவியல்.

நோய் இரண்டு: ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள். இவ்விரண்டையும் இனங்கண்டு தனித்தனியே மருந்து வைத்தவர் திவாகரர். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. முதல் பத்தும் ஒருபொருட் பல்பெயர் கூறுவன. பதினொன்றாவது ஒருசொற் பல்பொருள் கூறுவது. பன்னிரண்டாவது எண்ணால் தொகுத்த கூட்டங்களைக் கூறுவது.

முதல் பத்தின் வரிசை கருதத்தக்கது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று உலகத்தை வகுத்துக்கொண்டு, அவ்வவ் வகுப்பின்கீழ்ப் பெயர்களை அடுக்குகிறார் ஆசிரியர். முதலில் உலகில் என்னென்ன வகைப் பொருள்கள் உள்ளன என்ற முடிவு, பிறகே பெயர்கள். பிங்கலமும் சூடாமணியும் இவ்வழியையே பின்பற்றின. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு எழுத்து வரிசையைக் கைக்கொண்டது. சொல்லைத் தெரிந்தவர் அதன் பொருளை விரைந்து காண அது வழி செய்தது. பின்வந்த அகராதிகள் அவ்வழியில் பெருகின. ஆயினும் பொருளை அறிந்து சொல்லை அறியாதவர்க்கு எழுத்து வரிசை உதவாது. கணிப்பொறி எழுத்து வரிசையின் வாரிசு. அதைத் திவாகரர் வழிக்கு மீட்டுவரும் முயற்சியையே இன்று பொருளறி தேடல் என்கின்றனர்.

ஆன்டாலஜி என்னும் சொல்

தத்துவத்தில் ஆன்டாலஜி என்பது உள்பொருள்களின் இயல்பை ஆராயும் துறை. கணிப்பொறியியல் அச்சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டது. ஒரு துறையில் உள்ளனவாகக் கொள்ளப்படும் பொருள்வகைகள் எவை, அவற்றுக்கிடையே அமையக்கூடிய உறவுகள் எவை என்பவற்றை எந்திரம் படிக்கத்தக்க முறையில் வெளிப்படையாக எழுதிவைப்பதே அங்கு ஆன்டாலஜி. 1993இல் தாமஸ் குரூபர் என்பார் இக்கருத்தைச் சுருக்கமாக வரையறுத்தார். இவ்வுரையில் அது 'பொருண்மை வரைவு' எனப்படும்.

பொருண்மை வரைவில் ஒவ்வொரு செய்தியும் மூன்று உறுப்புடைய சிறு வாக்கியமாக எழுதப்படுகிறது. 'இப்பலகை — மூலப்பொருளாக உடையது — சுண்ணாம்புக்கல்'. 'இப்பலகை — உறுப்பாக இருந்தது — அமராவதித் தூபி.' இலக்கணம் பயின்றோர்க்கு எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் நினைவுக்கு வரும். இத்தகைய வாக்கியங்களை எழுதும் முறையை உலகளாவிய வலையின் தர அமைப்பு 1999இல் வகுத்தது. 2001இல் டிம் பெர்னர்ஸ்-லீயும் இருவரும் எழுதிய கட்டுரையால் பொருளுணர் வலை என்னும் கருத்து உலகெங்கும் பரவிற்று.

இம்முறையின் உயிர்நாடி ஒன்று உண்டு. பெயர் வேறு, அடையாளம் வேறு என்பதே அது. ஒவ்வொரு பொருளுக்கும் கருத்துக்கும் மாறாத எண் ஒன்று வழங்கப்படுகிறது. பெயர்கள் எத்தனையாயினும் எம்மொழியினவாயினும் அவ்வெண்ணின்மேல் அணியப்படும் ஆடைகளே. கலை, கட்டடக்கலைச் சொற்களுக்கென அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் 1990இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் இவ்வாறே ஒவ்வொரு கருத்துக்கும் எண் தந்து, 2014இல் எவரும் எடுத்தாளும் வகையில் வலையில் திறந்துவிடப்பட்டது. டச்சு, ஸ்பானியம், சீனம் ஆகிய மொழிப் பெயர்களும் அதே எண்களின்மேல் ஏற்றப்பட்டுள்ளன. ஸ்பானியச் சொல்லால் தேடுபவர்க்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதிவு கிடைப்பது இதனாலேயே.

வகையும் உறுப்பும்

பொருண்மை வரைவு கட்டுவோர் முதலில் கற்கும் பாடம், 'கீழ் அடங்கும்' என்ற தொடரை நம்பக்கூடாது என்பது. பின்லாந்தின் மூன்று அருங்காட்சியகங்களின் பொருள்களை ஒரே இடத்தில் தேடத்தக்கதாக்கிய வலைத்தளம் 2004இல் ஹெல்சிங்கியில் ஈரோ ஹுவோனென் குழுவினரால் வெளியிடப்பட்டது. நூலகத்தாரும் காட்சியகத்தாரும் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவந்த சொற்களஞ்சியங்கள் அந்நாட்டில் இருந்தன. அவற்றை அப்படியே எந்திரத்திடம் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு அக்குழுவினர் காட்டிய எடுத்துக்காட்டு சுவையானது. ஒரு களஞ்சியத்தில் ஒப்பனைக் கண்ணாடி 'கண்ணாடி'யின்கீழ் அடங்கியிருந்தது; கண்ணாடி 'அறைகலன்' என்பதன்கீழ் அடங்கியிருந்தது. மனிதர் படிக்கையில் இடையூறில்லை. எந்திரமோ, கைப்பையில் வைக்கும் ஒப்பனைக் கண்ணாடியும் நாற்காலி, மேசைபோல் ஓர் அறைகலன் என்று முடிவு கட்டிவிடும்.

ஆதலால் ஒவ்வோர் உறவையும் பிரித்து வினவ வேண்டும். இது அதன் வகையா? உறுப்பா? அதனோடு சேர்த்து வழங்கும் ஒன்றா? திருவாசி நடராசர் திருமேனியின் உறுப்பு; நடராசர் வகைகளுள் ஒன்றன்று. சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசர் திருவாசியின்றியே நிற்கிறார். அதனால் அவர் நடராசர் அல்லராகிவிடவில்லை. தனியே கிடைத்த ஒரு திருவாசியை 'நடராசர்' என்று பதிந்துவிட்டால், நடராசர்களின் எண்ணிக்கை கேட்பவர்க்குப் பொய்யான விடை போகும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரே திருமேனியை ஒருவர் 'செப்புத் திருமேனி' என்பார். மற்றொருவர் 'உற்சவமூர்த்தி' என்பார். வேறொருவர் 'ஆனந்த தாண்டவ மூர்த்தி' என்பார். முதற்பெயர் மூலப்பொருளால் வந்தது. இரண்டாவது பயனால் வந்தது. மூன்றாவது உருவால் வந்தது. இம்மூன்றையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதினால் அவை ஒன்றையொன்று விலக்கும் வகைகள் போலத் தோன்றும். மூன்று முகங்களாகக் கொண்டால் தேடுபவர் எம்முகத்தின் வழியாகவும் நுழையலாம்.

இம்முகக் கொள்கையை உலகுக்குத் தந்தவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. இரங்கநாதன். அவருடைய கோலன் பகுப்புமுறை 1933இல் சென்னையில் வெளியாயிற்று. ஆளுமை, மூலப்பொருள், ஆற்றல், இடம், காலம் என அவர் வகுத்த ஐந்து அடிப்படைகள் பின்னாளில் பெயர் பெற்றன. நூலை ஒரே ஒரு மரக்கிளையில் கொண்டுபோய்த் தொங்கவிடாமல், அதன் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே குறித்து இணைக்கும் வழி அது. பின்லாந்துத் தளத்தில் பொருளின் வகை, மூலப்பொருள், செய்தவர், செய்த இடம், காலம், பயன்படுத்தியவர், பயன்பட்ட சூழல் என்று முகமுகமாகத் தேடுகையில், பார்வையாளர் அறியாமலே இரங்கநாதன் காட்டிய வழியில் நடக்கிறார்.

நிகழ்ச்சியை நடுவில் வைத்தல்

இனி அமராவதிக் கல்லுக்குத் திரும்பலாம். ஒரு கட்டத்தில் இரண்டு காலங்களை எழுத முடியாத இடர் எவ்வாறு தீர்ந்தது?

உலக அருங்காட்சியகப் பேரவையின் ஆவணக் குழுவுக்குச் சிடாக் என்று பெயர். அக்குழு 1996இல் தொடங்கி உருவாக்கிய கருத்துநிலை மாதிரி, 2006இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பால் 21127 என்ற எண்ணுடைய தரமாக ஏற்கப்பட்டது. கிரீட் தீவிலிருந்து பணியாற்றிய மார்ட்டின் டோர் இதன் முதன்மைச் சிற்பிகளுள் ஒருவர். இன்று அதில் ஏறத்தாழ 80 பொருள்வகைகளும் 160 உறவுகளும் உள்ளன. உலகின் அருங்காட்சியகங்கள் பலவும் தம் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்தப் பொதுவான அளவுகோலாக இதனைக் கொண்டுள்ளன.

இம்மாதிரியின் நுட்பம், பொருளின்மேல் காலத்தையோ செய்தவரையோ நேரே ஒட்டாமையில் உள்ளது. இடையில் ஒரு நிகழ்ச்சி வைக்கப்படுகிறது. கல்லுக்குக் காலம் இல்லை. கல்லைச் செதுக்கிய செயலுக்கே காலம் உண்டு. செயலுக்கே செய்தவர் உண்டு; செயலுக்கே இடம் உண்டு. ஆகவே அமராவதிப் பலகைக்கு முதற்செதுக்கல் ஒரு நிகழ்ச்சி; மறுசெதுக்கல் மற்றொரு நிகழ்ச்சி; 1845 அகழ்வு மூன்றாவது; கப்பலேற்றம் நான்காவது; 1880இல் கைமாறியது ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலமும் இடமும் ஆளும். எதுவும் எதையும் மறைப்பதில்லை.

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இந்நுட்பம் புதிதாகத் தோன்றாது. சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் ஆசிரியர் தொழிலுக்குரிய முதனிலைகளை எட்டாக எண்ணுகிறார். வினை நடுவில் நிற்க, அதைச் செய்பவரும், செய்யப்படும் பொருளும், நிகழும் நிலமும், நிகழும் காலமும், துணையாகும் கருவியும், எவருக்காக என்பதும், என்ன பயனுக்கு என்பதும் அதனோடு இயைகின்றன. சிடாக் மாதிரியில் ஒரு நிகழ்ச்சியைச் சூழ்ந்து நிற்கும் உறவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் செய்தவர், விளைந்த பொருள், நிகழ்ந்த இடம், கால எல்லை, பயன்பட்ட கருவி, நோக்கம் என்று ஏறத்தாழ அதே வரிசை வந்து நிற்கும். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததென்று கொள்ள இடமில்லை. வினையைக் கூர்ந்து நோக்கிய இரு மரபினரும் தனித்தனியே ஒரே இடத்தை அடைந்தனர் என்பதே வியப்பு. தமிழில் பொருண்மை வரைவு கட்டுவோர்க்கு இலக்கணம் படித்தவர் துணை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பெயர் வேறு, அடையாளம் வேறு என்பதற்கும் இம்மாதிரியிலேயே சான்றுண்டு. மனிதர் செய்த பொருளுக்கு அதில் ஈ 22 என்பது எண். ஆங்கிலத்தில் அவ்வகையின் பெயர் முன்பு ஆண்பாற் சாயலுடன் இருந்தது. பின்னர் இருபாற்கும் பொதுவாக மாற்றப்பட்டது. எண் மாறவில்லை, பழைய பதிவுகள் எவையும் பிழைபடவில்லை. திவாகரர் தம் தொகுதிக்குச் செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி என்று பெயரிட்டபோது அவருக்கு அச்சிக்கல் எழவே இல்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பதிவில் 'இராசராசன் காலம்' என்றிருக்கும். இன்னொன்றில் '10ஆம் நூற்றாண்டின் இறுதி' என்றிருக்கும். வேறொன்றில் 'முற்காலச் சோழர்' என்றிருக்கும். இராசராசன் ஆட்சி 985 முதல் 1014 வரை என்ற எல்லையை வரைவில் ஒருமுறை எழுதிவிட்டால், மூன்று பதிவுகளும் எங்கெங்கு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதை எந்திரமே கணக்கிடும். இடத்துக்கும் இவ்வாறே. அமராவதியின் மாறிய முகவரிகள் அனைத்தும் ஆண்டெல்லையோடு ஒரே ஊரின்மேல் ஏற்றப்படும்.

உடையவர் யார்?

இதுவரை கூறியவை வசதியைப் பற்றியவை. நீதியைப் பற்றியும் கூறவேண்டியதுண்டு.

ஒரு செப்புத் திருமேனியின் வரலாற்றை நிகழ்ச்சிகளாக எழுதிப் பார்க்கலாம். ஸ்தபதி மெழுகில் உரு அமைக்கிறார், அதன்மேல் மண் பூசிச் சூளையிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, உருக்கிய உலோகத்தை வார்க்கிறார், கண் திறக்கிறார். பின்னர்க் கோயிலில் நிறுவப்பட்டு உலாவுக்கு எழுந்தருள்கிறது. படையெடுப்பச்சம் நேர்ந்த காலத்தில் மண்ணுக்குள் மறைக்கப்படுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஏர்முனையிலோ கடப்பாரையிலோ தட்டுப்படுகிறது. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி அரசைச் சேர்ந்து அருங்காட்சியகத்துக்கு வருகிறது. சென்னையின் செப்புத் திருமேனிகள் பலவும் இவ்வழி வந்தவையே. 'வெண்கலச் சிற்பம், உயரம் இவ்வளவு' என்ற ஒற்றை வரிப் பதிவு இவ்வரலாறு முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

பத்தூர் நடராசர் கதை பலரும் அறிந்தது. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி பல கை மாறி லண்டன் சென்றது. 1982இல் கனடா நாட்டு நிறுவனமொன்று அதை விலைக்கு வாங்கியது. பின்னர் லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. வழக்கில் எழுந்த கேள்விகளுள் ஒன்று பொருண்மை வரைவு கட்டுவோர் அனைவரும் எண்ணிப்பார்க்கத்தக்கது: பாழடைந்து கிடந்த ஒரு கோயில் தன் பொருளைக் கேட்டு வழக்காட முடியுமா? ஆங்கிலச் சட்டத்தில் கோயில் ஒரு கட்டடம். இந்தியச் சட்டத்திலோ அது உரிமை பூணத்தக்க ஆள். 1988இல் லண்டன் உயர்நீதிமன்றம் திருமேனியைத் திருப்பித் தரத் தீர்ப்பளித்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் வழக்காடத் தகுதியுடையது என்பதை ஏற்றது. அவ்வாண்டே நடராசர் திரும்பினார்.

இதனை வரைவின் மொழியில் கூறினால், 'கோயில்' என்பதை இடம் என்ற வகையில் மட்டும் வைப்பவர் அதனை உடையவராக எழுத வழியில்லை. செயலாற்றும் தகுதியுடையோர் என்ற வகையிலும் வைப்பவர்க்கே அவ்வாக்கியத்தை எழுத முடியும். ஒரு வகைப்பாட்டுக் கட்டத்தில் எவை நுழையலாம் என்ற முடிவு, யார் எதற்கு உரியவர் என்ற முடிவாக மாறிவிடுகிறது.

பெயர் பொருந்தாமையால் நேரும் இழப்புக்கு மற்றொரு சான்று ஸ்ரீபுரந்தான். அரியலூர் மாவட்டத்து அவ்வூர்க் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. அங்கு ஆங்கிலத்தில் 'ஆடல் தலைவனாகிய சிவன்' என்ற பெயரால் காட்சியிலிருந்தது. அதே திருமேனி கோயிலுக்குள் இருந்தபோது எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பில் இருந்தது. ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் இரு படங்களையும் கண்ணால் ஒப்பிட்டே உண்மையை நிலைநாட்டினர். 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர்ப் பெயரும் உருவப் பெயரும் காலமும் அளவும் இரு பதிவேடுகளிலும் ஒரே எண்ணின்மேல் இணைந்திருந்தால், வாங்குவதற்கு முன்பே ஐயம் எழுந்திருக்க வழியுண்டு. தேடல் என்பது ஆய்வாளர் வசதி மட்டுமன்று என்பதை இவ்விரு கதைகளும் உணர்த்தும்.

கூற்றும் ஐயமும்

பொருளுக்கு ஒரே வகை, ஒரே விளக்கம் என்று கட்டிப்போட்டால் அறிவு உறைந்துவிடாதா என்று கவிஞர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. நல்ல வரைவு இதற்கும் இடம் வைத்திருக்கிறது. சிடாக் மாதிரியில் ஒரு பொருளைப் பற்றிய கூற்றையும் ஒரு நிகழ்ச்சியாக எழுதலாம்: இன்னார், இன்ன ஆண்டில், இச்சான்றைக் கொண்டு, இது இன்ன காலத்தது என்று கருதினார். மற்றொருவர் மாறாகக் கருதினால் அதையும் அருகில் எழுதலாம். எது சரி என்று எந்திரம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை.

ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒன்று கூற, சேனாவரையர் அதனை மறுக்க, நச்சினார்க்கினியர் வேறொன்று கூற, மூவர் உரையையும் போற்றிவரும் மரபுக்கு இது அயலானதன்று. மூலம் ஒன்று, உரைகள் பல, ஒவ்வோர் உரைக்கும் உரியவர் பெயர் உண்டு. பதிவேட்டில் பெயரின்றிப் பொதுக்குரலில் எழுதப்பட்ட பழைய முடிவுகளுக்கு உரியவரைத் தேடிப் பெயர் சூட்டுவதே அங்கு முதற்பணி.

அண்மை ஆண்டுகளில் பெருந்திரளான உரைகளைப் படித்துச் சொற்களின் அண்மையைக் கணக்கிட்டுத் தேடும் எந்திரங்கள் பரவியுள்ளன. அவை 'களிறு' என்றால் 'யானை' பதிவையும் தருகின்றன. வரைவு கட்டும் உழைப்பு இனித் தேவையில்லை என்பாரும் உளர். அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை தருவது அண்மை, காரணம் அன்று. ஒரு பலகை ஏன் விடையில் வந்தது, எவர் கூற்றின்பேரில் வந்தது என்று கேட்டால், வரைவு தன் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும். உரிமை பற்றிய வழக்கில் அண்மை சான்றாகாது. மேலும் அவ்வெந்திரங்கள் படித்த உரைத்திரளில் இல்லாத சொல்லை அவை அறியமாட்டா. தமிழின் தொழிற்சொற்களும் வட்டாரச் சொற்களும் அச்சில் ஏறியது குறைவு.

சொல்லுடையோர் கடன்

இறுதியாக, இவ்வவைக்கு உரிய செய்தி ஒன்றுண்டு.

சிற்றூர் வீட்டுப் பரணில் கிடந்து, பின்னர் ஒரு காட்சியகத்துக்கு வந்த கலங்களை எண்ணிப் பார்க்கலாம். தவலை, அண்டா, குடம், செம்பு, கிண்டி, போகணி, கூஜா என ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், தனிப் பயன், தனி இடம். ஆங்கிலப் படிவத்தில் இவை அனைத்தும் 'பித்தளைக் கலம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடக்கூடும். மரக்காலும் படியும் உழக்கும் 'அளவை' என்ற ஒரே சொல்லாகிவிடும். கிண்டிக்கு மூக்கு உண்டு, செம்புக்கு இல்லை. அவ்வேறுபாட்டை அறிந்த கடைசித் தலைமுறை இன்னும் இருக்கிறது. அது மறைந்தபின் கலம் இருக்கும், பெயர் இருக்காது. பெயரில்லாத கலத்தை எத்தேடலும் கண்டுபிடிக்காது.

பொருண்மை வரைவு கட்டும் பணியின் முறை எளியது. எந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்வர். பதிவேட்டில் வழங்கும் சொற்களைத் திரட்டுவர். ஒருபொருட் பலசொற்களை ஓர் எண்ணின்கீழ்ச் சேர்ப்பர்; பலபொருள் ஒருசொல்லைப் பிரிப்பர். வகை, உறுப்பு, தொடர்பு என்று உறவுகளைத் தெளிவுபடுத்துவர். பிறகு நூறு பதிவுகளை அதில் ஏற்றிப் பார்ப்பர். பொருந்தாதவை எவை என்று கண்டு வரைவைத் திருத்துவர். இப்படிநிலைகளுள் இறுதியொன்றுக்கே கணிப்பொறி இன்றியமையாதது. ஏனைய அனைத்தும் தாளும் எழுதுகோலும் கொண்டு, சொல்லறிந்தோர் கூடி அமர்ந்து செய்யத்தக்கவை.

திங்கள்தோறும் கூடும் ஓர் இலக்கிய வட்டம், ஒரு கூட்டத்தை ஒரு தொழிலின் சொற்களுக்கென ஒதுக்கலாம். ஒரு திங்கள் வார்ப்புத் தொழில். ஒரு திங்கள் நெசவு. ஒரு திங்கள் அடுக்களைக் கலங்கள். தொழிலறிந்த முதியவர் ஒருவரை அழைத்து அமர்த்தி, பொருளை நடுவில் வைத்து, அதன் பெயரையும் உறுப்புகளின் பெயரையும் அதனால் செய்யும் செயலின் பெயரையும் கேட்டு எழுதலாம். எந்த ஊரில் அப்பெயர் வழங்குகிறது, கூறியவர் எத்தொழிலர் என்பதையும் உடன் குறிக்கலாம். பத்தாண்டு கழித்து இவ்வட்டம் இருபதாம் ஆண்டு மலர் வெளியிடும்போது அத்தொகுப்பு ஒரு சிறு நிகண்டாக வளர்ந்திருக்கும்.

திவாகரர்க்குத் துணைநின்றவர் அம்பர்ச் சேந்தன் என்பர். நூலின் பெயரிலேயே அவ்வள்ளலின் பெயரும் சேர்ந்து நிற்கிறது. சொற்களைத் தொகுப்பவர்க்கு அன்று ஒரு வள்ளல் வாய்த்தான். இன்று அவ்விடத்தில் நிற்கவேண்டியது வட்டங்களும் சபைகளுமே. எழும்பூர்க் காட்சிக்கூடத்திலும் லண்டன் காட்சிக்கூடத்திலும் பிரிந்து நிற்கும் கற்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் நாள் எந்திரத்தால் மட்டும் வந்துவிடாது. அவற்றின் பெயர்களைச் சரியாகச் சொல்பவர்கள் முதலில் வரவேண்டும்.